என்எஸ்எஸ் மாணவர்களை வைத்து வேலை செய்யும் சிறு அமைப்புகள் நிதி பெறுவது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரிக்கான வழிகாட்டி

ஐம்பது மாணவர்கள் ஏழு நாள் ஊருக்கு வந்து ஏரி வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்து கொடுத்தால் அதற்குக் கூலி கிடையாது. ஆனால் மண்வெட்டி வேண்டும், தண்ணீர் கேன் வேண்டும், முதலுதவிப் பெட்டி வேண்டும், மாணவர்கள் கிளம்பிப் போன பிறகு நட்ட கன்றுக்கு மே மாதம் வரை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். இந்தச் செலவை யார் தருவார்கள் என்று கேட்டுத்தான் பாலக்கோடு, பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துச் சிறு டிரஸ்டுகளும் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் அலைகின்றன.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். "தொண்டர்களைத் தங்கவைக்கிறோம், அதற்குப் பணம் தாருங்கள்" என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள். பணம் கொடுப்பவர்கள் வேலைக்குத்தான் கொடுக்கிறார்கள். இத்தனை மீட்டர் கால்வாய், இத்தனை கன்று, மாலை வகுப்பில் இத்தனை பிள்ளைகள் என்று காட்ட வேண்டும். தொண்டர்களுக்கான செலவு அந்த வேலையின் பட்ஜெட்டுக்குள்ளேயே வரி வரியாக உட்கார வேண்டும். புதிதாக வரும் அமைப்புகள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

யார் இந்தத் தொண்டர்கள்?

நம் நாட்டில் கட்டாய தேசிய சேவை கிடையாது. நடைமுறையில் நம்மிடம் வருவது இரண்டு வகையினர். முதல் வகை, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், எல்லோரும் சொல்கிறபடி என்எஸ்எஸ். 1969 செப்டம்பர் 24-இல் காந்தி நூற்றாண்டையொட்டித் தொடங்கிய திட்டம் இது. கல்லூரி அலகு ஒன்றில் பொதுவாக 100 பேர். ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் வேலை செய்ய வேண்டும், ஒரு முறையாவது ஏழு நாள் சிறப்பு முகாமில் கலந்துகொள்ள வேண்டும். முகாமுக்கு அலகில் பாதிப் பேர், அதாவது 50 பேர் வருவார்கள். ஆண்டின் 120 மணியில் ஊர் வேலைக்கென்று ஒதுக்கியது 70 மணி. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அந்த 70 மணியும் முகாமும்தான்.

இரு மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகளும் பெரும்பாலும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரி போன்றவை அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. மேல்நிலைப் பள்ளிகளிலும் என்எஸ்எஸ் உண்டு. ஆனால் அந்தப் பிள்ளைகள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். அவர்களைக் கடப்பாரை வேலைக்கும் கிணற்று வேலைக்கும் கூப்பிடவே கூடாது.

இரண்டாவது வகை, 'மை பாரத்' வழியாக வரும் இளைஞர்கள். 2023 அக்டோபர் 31-இல் தொடங்கிய இந்த மத்திய அரசு இளைஞர் அமைப்பின் இணையதளத்தில் 15 முதல் 29 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். முன்பு நேரு யுவ கேந்திரா நடத்திய தேசிய இளைஞர் தொண்டர் திட்டத்தில் ஒன்றியத்துக்கு இருவர் வீதம் மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் வேலை செய்தார்கள். அந்தப் பணம் தொண்டரின் கணக்குக்கே நேராகப் போனது. என்எஸ்எஸ் பணமும் அப்படித்தான், கல்லூரியின் என்எஸ்எஸ் கணக்குக்குப் போகிறது. இரண்டிலுமே இடம் கொடுக்கும் அமைப்பின் கைக்கு ஒரு ரூபாயும் வராது என்று தெரிந்துகொண்டு திட்டம் போடுங்கள்.

காகிதங்கள்: எதை முதலில் எடுப்பது

சங்கமாகப் பதிவு செய்வதென்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. டிரஸ்ட் என்றால் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிவு செய்தால் போதும். எந்த வடிவமானாலும் நோக்கங்கள் எழுதும் பகுதியைக் கவனமாக எழுதுங்கள். "ஏழைகளுக்கு உதவுதல்" என்று ஒரே வரியில் எழுதி முடித்தவர்கள் பின்னால் நீர்நிலை வேலைக்குப் பணம் கேட்கும்போது, அந்த நோக்கம் பத்திரத்தில் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்கிறார்கள். கல்வி, சுற்றுச்சூழல், நீர்நிலை, சுகாதாரம், இளைஞர் நலன் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

அடுத்து அமைப்பின் பெயரில் பான் கார்டும் வங்கிக் கணக்கும். காசோலையில் இருவர் கையெழுத்துப் போடும்படி கணக்கைத் தொடங்குங்கள், அந்த இருவரும் கணவன் மனைவியாக இருக்க வேண்டாம். பிறகு தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் இலவசப் பதிவு. அரசு நிதிக்கு விண்ணப்பிக்க அந்த எண் வேண்டும். நிர்வாகிகளின் பான் விவரம் அதில் ஏறும் என்பதால் பெயர் எழுத்து எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஆதாரில் 'கே. முனுசாமி', பானில் 'முனிசாமி கே' என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடும்.

வருமானவரிப் பதிவுகளான 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) இரண்டையும் ஆடிட்டர் வழியாக எடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமானவரிச் சட்டம் நடப்பில் இருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன, பேச்சில் மட்டும் பழைய பெயர்தான் ஓடுகிறது. முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. அது முடிவதற்கு ஆறு மாதம் முன்பே, அல்லது வேலை தொடங்கி ஆறு மாதத்துக்குள், இரண்டில் எது முந்தியோ அதற்குள் முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டு, கையில் வந்த நிதியைத் தவறவிட்ட அமைப்புகள் உண்டு. அந்தத் தேதியைச் சுவர் நாட்காட்டியிலேயே எழுதி வையுங்கள்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதாவது சிஎஸ்ஆர் பணம் வேண்டுமென்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 'சிஎஸ்ஆர்-1' படிவம் போட்டு எண் வாங்க வேண்டும். 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம். 12ஏ, 80ஜி இரண்டும் இருந்தால்தான் கிடைக்கும், பட்டயக் கணக்காளர் போன்ற தொழில்முறையாளர் ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிட வேண்டும். இதோடு, கம்பெனி தானே தொடங்காத அமைப்பென்றால் அதே மாதிரி வேலையில் மூன்று ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும்.

மூன்று ஆண்டு இல்லாதவர்கள் என்ன செய்வது? இந்த இடத்தில்தான் தரகர்கள் வருகிறார்கள். "எங்கள் எண்ணில் பணம் வாங்கித் தருகிறோம், பத்து சதவீதம் முன்பணம் கொடுங்கள்" என்பார்கள். கொடுக்காதீர்கள். பணமும் போகும், பெயரும் போகும். ஏற்கெனவே சிஎஸ்ஆர் எண் வைத்திருக்கும் நல்ல அமைப்போடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டு, அவர்கள் கணக்கிலேயே செலவு நடக்க, களவேலையை நீங்கள் ஏற்பது நேரான வழி. அந்த மூன்று ஆண்டில் சிறிய வேலைகளைச் செய்து கணக்கும் படமும் சேர்த்து வைத்தால் அதுவே உங்கள் அனுபவச் சான்று.

பணம் எங்கே இருக்கிறது

இந்த இரு மாவட்டத்துக்கும் ஒரு வாய்ப்பு உண்டு, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135-இன்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுமுதல் 1,000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ள கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கும் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டிலும் போச்சம்பள்ளியிலும் இருக்கும் ஆலைகளுக்கு சூளகிரியும் பர்கூரும் பக்கத்து வீடு மாதிரி. முன்மொழிவின் முதல் பக்கத்திலேயே "உங்கள் ஆலையிலிருந்து 18 கிலோமீட்டரில் இருக்கும் ஊர்" என்று தூரத்தை அளந்து எழுதுங்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். கம்பெனிகள் ஆண்டுத் திட்டத்தை நிதியாண்டுத் தொடக்கத்தை ஒட்டி முடிவு செய்கின்றன. எனவே ஜனவரி, பிப்ரவரியில் உங்கள் காகிதம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். ஆலை வாசலில் மனு கொடுத்துவிட்டு வந்தால் அது பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். முடிவெடுப்பவர்கள் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார்கள். ஆலையின் மனிதவள அதிகாரியிடம் நேரில் பேசி, அவர் வழியாகத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போக வையுங்கள்.

அரசுப் பள்ளியில் வேலை என்றால் அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்ட 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகப் போவது சுலபம். ஊர்ப் பொதுச்சொத்தைச் சீராக்க 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும். பணம் உங்கள் கணக்குக்கு வராது, வேலையாக ஊருக்கு வரும். ஊர்ப் பெரியவர்களிடமும் பெங்களூரில் வேலை செய்யும் நம் ஊர்ப் பையன்களிடமும் அந்தப் பங்கைத் திரட்டித் தருவது உங்கள் வேலை. ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் கருவிகளையோ முதலுதவிப் பெட்டியையோ பொருளாகத் தருவதுண்டு.

வெளிநாட்டுப் பணத்தைப் புதியவர்கள் இப்போதைக்கு நினைக்க வேண்டாம். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு நடந்திருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் செலவு காட்ட வேண்டும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் கணக்கு வேண்டும். பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வெளிநாட்டு நன்கொடை ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம்.

கல்லூரியோடு பேசுவது

ஜூன், ஜூலையில் புதிய மாணவர்கள் சேரும்போதே என்எஸ்எஸ் திட்ட அலுவலரைப் பாருங்கள். டிசம்பரில் போய் "முகாமை எங்கள் ஊரில் போடுங்கள் சார்" என்றால் ஊர் முடிவாகி ஆறு மாதம் ஆகியிருக்கும். அலகுகள் ஒரு ஊரைத் தத்தெடுத்துத்தான் வேலை செய்கின்றன. உங்கள் ஊர் அந்தத் தத்து ஊராகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

திட்ட அலுவலருக்கு உங்களிடமிருந்து தேவைப்படுவது மாணவர் வாரியாக மணிக்கணக்கு. அதை ஒழுங்காகத் தருவோம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். பிறகு கல்லூரி முதல்வரின் கையொப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். எத்தனை மாணவர், எந்த நாட்கள், என்ன வேலை, மாணவிகளோடு பெண் அலுவலர் யார், உணவு யார் பொறுப்பு என்பது அதில் இருக்க வேண்டும். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் இந்தக் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

உணவு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சிறப்பு முகாமுக்கு மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கல்லூரிக்கு அரசு நிதி வருகிறது. அதே சாப்பாட்டை உங்கள் சிஎஸ்ஆர் பட்ஜெட்டிலும் முழுதாகக் காட்டினால் ஒரே செலவுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியதாகும். தணிக்கையில் இது கண்டிப்பாகப் பிடிபடும். கல்லூரி எதைக் கொடுக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு, விடுபட்டதை மட்டும் உங்கள் பட்ஜெட்டில் சேருங்கள்.

ஊர் அனுமதி

கிராம சபைத் தீர்மானம் இருந்தால் மற்ற கதவுகள் தானாகத் திறக்கும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். உங்கள் திட்டத்துக்கு முன்னால் வரும் தேதியைக் குறித்துக்கொண்டு, ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே பொருளைக் கொடுத்துவிடுங்கள்.

ஏரி வேலையென்றால் அது யாருடைய ஏரி என்று பார்க்க வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ளவை நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம். பிடிஓ ஆபீசில், அதாவது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வாங்கிய கடிதத்தோடு நீர்வளத் துறை ஏரியில் இறங்கினால் முதல் நாளே வேலை நின்றுவிடும். வெட்டிய சீமைக்கருவேல விறகை நீங்களாக விற்கவும் கூடாது. அஞ்செட்டி, சித்தேரிப் பக்கம் வன எல்லைக்குள் எதுவானாலும் வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

பட்ஜெட்: ஒரு மாதிரி

பென்னாகரம் ஒன்றியத்தில் ஒரு சின்ன ஏரி என்று வைத்துக்கொள்வோம். அக்டோபரில் மூன்று சனிக்கிழமை 50 மாணவர்கள் 200 கன்று நடுகிறார்கள், ஜனவரி முகாமில் வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்கிறார்கள். இரண்டையும் ஜனவரிக்குத் தள்ளாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் வேர் பிடிக்காத கன்று நம் செம்மண்ணிலும் சுக்கான் மண்ணிலும் கோடையைத் தாண்டாது. இரண்டடிக்கு இரண்டடி குழி, இருவருக்கு எட்டுக் குழி. ஈர மண்ணில் நாளைக்கு மூன்று குழி போட முடியும், ஜனவரியில் காய்ந்த தரையில் ஒன்றரை போட்டாலே பெரிது.

பட்ஜெட் இப்படி வரும். விலைகள் மாதிரிக்குத்தான், நீங்கள் மூன்று கடையில் விலைப்பட்டியல் வாங்கிப் போடுங்கள். கன்றும் ஏற்றுக்கூலியும் 8,000. மண்வெட்டி 15, கடப்பாரை 5, மண் அள்ளும் பாண்டு 20, எல்லாம் சேர்த்து 14,500. மூங்கில் கூண்டு 200, ஒன்றுக்கு 200 வீதம் 40,000. காவலுக்கும் தண்ணீர் ஊற்றவும் உள்ளூர் ஆள், நான்கு மாதம், மாதம் 3,000 வீதம் 12,000. முதலுதவி, விபத்துக் காப்பீடு 6,000. ஒருங்கிணைப்பாளர் ஆறு மாதம், மாதம் 8,000 வீதம் 48,000. தணிக்கை, வங்கிச் செலவு 10,000.

பலர் விட்டுவிடுவது தண்ணீரை. பிப்ரவரி முதல் மே வரை 16 வாரம், வாரம் இரண்டு முறை, கன்றுக்கு 10 லிட்டர். ஒரு முறைக்கு 2,000 லிட்டர், மொத்தம் 64,000 லிட்டர். 5,000 லிட்டர் டிராக்டர் டேங்கர் 13 நடை, நடைக்கு 900 என்றால் 11,700 ரூபாய். இந்த ஒரு வரி இல்லாத காரணத்தால்தான் பல ஊர்களில் அக்டோபரில் எடுத்த படத்தில் பச்சையாக நிற்கும் கன்று ஏப்ரலில் வெறும் குச்சியாக நிற்கிறது. மொத்தத் தொகை 1,50,200.

இதில் ஒருங்கிணைப்பாளர் சம்பளம் மூன்றில் ஒரு பங்கு இருப்பதைப் பார்த்து நிதி தருபவர்கள் கேள்வி கேட்பார்கள். அதைக் குறைத்துக்கொள்கிறோம் என்று உடனே தலையாட்ட வேண்டாம். கல்லூரியோடு பேசுவது, வருகைப் பதிவு, டேங்கர் கணக்கு, மாதாந்திர அறிக்கை எல்லாம் அவர் தலையில்தான். ஆள் இல்லாமல் தொண்டர்களை வரவழைத்தால் ஐம்பது பேரும் பத்து மணி வரை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஆறு மாதத்தில் எந்த வாரம் என்ன செய்வார் என்று அரைப் பக்கம் எழுதி இணைத்துவிடுங்கள்.

உங்கள் பங்கு என்ன என்றும் கேட்பார்கள். மாணவர் உழைப்பே உங்கள் பங்கு. அக்டோபரில் 50 பேர், மூன்று நாள், நாலு மணி நேரம், ஆக 600 மணி. முகாமில் 50 பேர், ஏழு நாள், நாலு மணி, ஆக 1,400. மொத்தம் 2,000 மணி, எட்டு மணிக்கு ஒரு ஆள்நாள் என்றால் 250. தமிழ்நாட்டில் 2025-26-க்கான நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். அதன்படி 84,000 ரூபாய் மதிப்பு. முன்மொழிவில் இதைக் காட்டுங்கள். ஆனால் ரொக்கப் புத்தகத்தில் வரவாக எழுதிவிடக் கூடாது, வராத பணத்துக்குக் கணக்குக் கேட்பார்கள்.

முன்மொழிவு நாலு பக்கம் போதும். ஊரின் நிலை, செய்யப் போகும் வேலை, மாத வாரியான அட்டவணை, பட்ஜெட். இணைப்பில் கிராம சபைத் தீர்மானம், கல்லூரிக் கடிதம், பதிவுச் சான்றுகள், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. ஊரின் நிலையை எழுதும்போது 'பின்தங்கிய மாவட்டம்' என்ற பழைய பாட்டைப் பாட வேண்டாம். கால்வாய் எத்தனை மீட்டர், எத்தனை இடத்தில் அடைத்திருக்கிறது, கடைசியாக ஏரி எந்த ஆண்டு நிரம்பியது என்று நடந்து பார்த்து எழுதுங்கள்.

முகாம் நாட்கள்

குடிநீரை அலட்சியம் செய்யாதீர்கள். நம் ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஒகேனக்கல் தண்ணீர் வரும் குழாயா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கேன் தண்ணீர் வாங்குங்கள். அலுவலர்களோடு 52 பேர், ஆளுக்கு 4 லிட்டர், நாளுக்கு 20 லிட்டர் கேன் 11. மாணவிகள் தங்கும் இடத்தில் உள்ளே தாழ்ப்பாள், கழிவறையில் தண்ணீர், இரவில் விளக்கு மூன்றையும் முதல் நாள் மாலையே போய்ப் பாருங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண்ணும் 108-உம் சமையல் இடத்துச் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கட்டும். புதர் வெட்டும் இடத்தில் பாம்பு இருக்கும், செருப்போடு யாரையும் இறக்க வேண்டாம்.

கணக்கு

வருகைப் பதிவேட்டில் வந்த நேரம், போன நேரம் இரண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து வேண்டும். கடைசி நாளில் ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே பேனாவில் போட்ட கையெழுத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடலாம்.

வவுச்சர் இப்படி இருக்க வேண்டும்: "தேதி. டிராக்டர் டேங்கர் தண்ணீர் 5,000 லிட்டர், ஒரு நடை, ஏரிக்கரைக் கன்று 1 முதல் 200 வரை. ரூ.900. வண்டி எண். ஓட்டுநர் கையெழுத்து. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து." "தண்ணீர் செலவு 900" என்று மட்டும் எழுதினால் அது வவுச்சர் ஆகாது. 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமானவரியில் அது செலவாக ஏற்கப்படாது, வங்கி வழியாகவே கொடுங்கள். நன்கொடை வாங்கும்போதும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் என்றால் கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடைக்காது.

மத்திய அரசின் மானியம் என்றால் பயன்பாட்டுச் சான்றிதழை, பேச்சில் 'யூசி', நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் 12-ஏ படிவத்தில் (வருமானவரியின் 12ஏ வேறு, இது வேறு) கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வங்கியில் இருந்தபோது சேர்ந்த வட்டியும் உங்களுடையதல்ல, திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் வாங்கிய மண்வெட்டியைக்கூடச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றி வையுங்கள். கம்பெனிகள் காலாண்டு அறிக்கை கேட்கும். இடமும் தேதியும் பதிவாகும் ஆப்பில், ஒரே இடத்தில் நின்று வேலைக்கு முன், நடுவில், பின் என்று மூன்று படம் எடுங்கள். இடம் மாறி எடுத்த படத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

பட்ஜெட்டில் ஒரு தலைப்பில் மிச்சமானதை இன்னொரு தலைப்பில் செலவு செய்ய நேர்ந்தால், செய்வதற்கு முன்பே மின்னஞ்சல் போட்டு ஒப்புதல் வாங்குங்கள். கூண்டுக்கான பணத்தில் டேங்கர் வாங்கியது நியாயமான காரியமாகவே இருக்கலாம், ஆனாலும் கேட்காமல் செய்தால் தணிக்கையில் அந்தத் தொகை ஏற்கப்படாது.

மாணவர்கள் ஊரை விட்டுப் போன வாரத்திலேயே மணிக்கணக்குச் சான்றை அமைப்பின் முத்திரையோடு கல்லூரிக்கு அனுப்பிவிடுங்கள். பிறகு ஜூன் முதல் வாரத்தில் ஏரிக்கரைக்குப் போய் 1 முதல் 200 வரை ஒவ்வொரு கன்றாக எண்ணுங்கள். உயிரோடு இருப்பது, காய்ந்தது, ஆடு கடித்தது என்று மூன்று பத்தியில் எழுதி, அந்தத் தாளையே இறுதி அறிக்கையின் முதல் பக்கமாக வையுங்கள். 130 தான் பிழைத்திருந்தால் 130 என்றே எழுதி, மீதி 70 ஏன் போயிற்று என்பதையும், அடுத்த அக்டோபரில் அந்த 70 குழிக்கு என்ன வேண்டும் என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள்.